பிரிட்ஜ் கதவில் இரண்டு எண்கள்

1.

இந்தக் கதை நான் திருடியது. ஒஸ்லோவின் குரோருட் பகுதியில் அருட்பிரகாசம் வீட்டுக்கு மடிக்கும் மேசை ஒன்றை இரவல் வாங்கப் போயிருந்தேன். பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தேதிக்கு இரண்டு எண்கள். நீலத்தில் 38, சிவப்பில் 31. அடுத்த நாள் நீலத்தில் 44, சிவப்பில் 32.

"நீலம் உண்மை. சிவப்பு மகளுக்கு அனுப்பினது," என்றார். "பிறகு மாறிச் சொல்லிப்போடக் கூடாது பாருங்கோ."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள் உண்டு. மறைத்த இடத்துக்கு அடையாளமும் வைப்பவர் இவர் ஒருவர்தான். மேசையை அங்கேயே மறந்துவிட்டு வந்தேன்.

2.

முதல் தொடக்கம்: "ஒஸ்லோவில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு—"

வேண்டாம். ஒஸ்லோக் கதைகளில் வேண்டிய மட்டும் பனி கொட்டியாயிற்று.

இரண்டாம் தொடக்கம்: லக்ரிஸ் ஏழு வயது ஃபெரெட். பார்வைக்குக் கீரியின் ஒன்றுவிட்ட தம்பி. [விலங்கியல் தெரிந்தவர்கள் சண்டைக்கு வரவேண்டாம்.] மகள் மேரின் பள்ளிக் காலத்தில் அடம்பிடித்து வாங்கியது. அவள் இப்போது துரொண்ட்ஹெய்ம் நகரில் மருத்துவம் படிக்கிறாள். லக்ரிஸ் பெற்றோரிடம் தங்கிவிட்டது. வயதாகி இதயத் தசை தளர்ந்ததில் நெஞ்சில் நீர் கட்டுகிறது. தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று தினமும் எண்ண வேண்டும். நாற்பதைத் தாண்டினால் ஆபத்து. அப்பா எண்ணி அனுப்புவார், மேரின் மிருக வைத்தியரிடம் சொல்லுவாள். அதுதான் ஏற்பாடு.

3.

அருட்பிரகாசம் கெட்டவரா? எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. மேரினுக்கு இது சோதனைக் காலம். சோதனை எழுதும் பிள்ளைக்குக் கெட்ட செய்தி சொல்லக் கூடாது என்பது அவர் வளர்ந்த வீட்டுச் சட்டம். (அவர் இங்கு மொழிச் சோதனைக்குப் படித்தபோது, மன்னாரில் தகப்பன் இறந்ததைப் பதினொரு நாள் மறைத்தார்கள். அதற்காக அண்ணனோடு இன்றுவரை முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. ஆனாலும் தன் முறை வந்தபோது அதையே செய்தார்.)

சிவப்பு எண்கள் மேரினோடு நிற்கவில்லை. இரத்தப் பரிசோதனையில் லக்ரிஸின் சிறுநீரகம் களைத்திருந்தது. மூச்சோ நன்றாக இருப்பதாகச் செய்தி. ஆகவே நெஞ்சுநீரை இறக்கும் மருந்தை வைத்தியர் பாதியாகக் குறைத்தார். அருட்பிரகாசமும் குறைத்தே கொடுத்தார். தன் பொய்யைத் தானே அளந்து ஊட்டினார் என்று எழுதினால் கொடுமையாக இருக்கும். ஆனால் நடந்தது அதுதான்.

4.

இனி வருவது நான் கற்பனையில் கட்டியது.

ஞாயிறு பூசை முடிந்து வந்து பார்த்தபோது லக்ரிஸின் பின்கால்கள் இழுபட்டன. அது தூங்கியதும் எண்ணினார். 52.

"இஞ்சருங்கோ, பிள்ளைக்குச் சொல்லுங்கோ," என்றார் மனைவி அனஸ்ரேசியா.

"நாளைக்கு ஒன்பது மணிக்கு எக்சாமென். ஒரு நாள் பொறுக்கும்."

"ஆர் பொறுக்கும்? அவளோ, இதுவோ?"

"மருந்தை நாங்களே கூட்டிக் குடுப்பம்."

"எவ்வளவு எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

தெரியாது. தெரிந்தவர்கள் அனைவரும் சிவப்பு எண்ணை நம்பியிருந்தார்கள். அவர் நீலப் பேனையை எடுத்துத் தாளில் 52 என்று எழுதினார். உண்மையில் அந்த 52ஐ எழுதியவன் நானல்லவா? 36 என்று மாற்றிப் பார்த்தேன். கதை சுகமாக ஓடியது. நானும் மற்றப் பேனையை எடுத்துவிட்டேன் என்று விளங்கியதும் திரும்ப 52 ஆக்கினேன்.

5.

முடிவு அ: சொல்லிவிடுகிறார். மேரின் சோதனையை விட்டுவிட்டு ரயில் ஏறுகிறாள். ஏழு மணித்தியாலம். அவள் வந்து சேரும்போது லக்ரிஸ்—

முடிவு ஆ: சொல்லவில்லை. மேரின் நன்றாக எழுதிவிட்டு வெளியே வந்து கைபேசியைத் திறக்க—

முடிவு இ: லக்ரிஸ் தானாகவே தேறி— இல்லை. இந்த வருத்தம் தானாகத் தேறாது.

நான் அடித்துத் திருத்துவதற்குள் மேரினே தொலைபேசியில் வந்துவிட்டாள்.

"அப்பா, இதயத்துக்குக் குடுக்கிற மற்ற மருந்தையும் குறைக்கலாமோ எண்டு டொக்டர் கேட்டவர். இப்ப ஒருக்கா எண்ணுங்கோ, நான் லைனில நிக்கிறன்."

"நீ படியம்மா."

"நீங்கள் பாக்கிறியள் எண்டபடியால்தான் இஞ்சை இருந்து படிக்கிறன். எண்ணுங்கோ."

முழு நிமிடமும் எண்ணினார். 54. அனஸ்ரேசியா அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இனி எழுத என்னால் முடியாது. நான் எதை எழுதினாலும் அது என்னுடைய எண்ணாகிவிடும். உண்மையான எண் உங்களுக்கும் தெரியும், வாசகரே. தொலைபேசியைப் பிடியுங்கள்.

"சொல்லுங்கோ அப்பா," என்கிறாள்.