சாலைக்கு அந்தப் பக்கம்

சட்டையின் வலது கை நுழைய மாட்டேன் என்றது. மகள் அப்பாவின் முழங்கையை மெல்ல மடக்கிப் பார்த்தாள், மடங்கவில்லை. விடியுமுன் மூச்சு நின்றது, இப்போது மணி எட்டாகிறது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபது வருஷமாக நிற்கிறவளுக்குத் துணியின் வழி தெரியாமல் போகுமா? சட்டையைத் திருப்பி, முதுகை மேலிருந்து கீழ்வரை கத்தரித்தாள். முன்னாலிருந்து இரண்டு கைகளையும் கோர்த்து, வெட்டிய விளிம்புகளை முதுகுக்கடியில் செருகினாள். கழுத்துப் பொத்தானைப் போட்டதும், எங்கோ கிளம்பும் நேரத்தில் கொஞ்சம் கண்ணயர்ந்தவர் மாதிரி ஆகிவிட்டார் அப்பா.

வெளி அறையில் அண்ணனின் குரல் உயர்ந்தது. பஸ் ஓட்டுகிறவன், ராத்திரி வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு ஏழு மணிக்குத்தான் வந்து சேர்ந்தான். அடக்கப் பூசைக்காகப் பழைய கோயில் பங்குச் சாமியாரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான். அவர் என்ன சொன்னாரோ, போனை அணைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தான்.

"புதுப் பங்கு சாமியாரைக் கேக்கணுமாம். செருப்பை மாட்டு பாப்பா, இவர்கிட்டயே நேர்ல போவோம்."

அவளுக்கு ஐம்பது வயது. அந்த வீட்டில் இன்னும் பாப்பாதான். அப்பாவும் அப்படித்தான் கூப்பிடுவார். அப்பாவை மட்டும் ஊரே மேஸ்திரி என்றது.

அந்த வட்டாரத்தில் மொத்தம் ஏழு குடும்பங்கள் ஜெபம் சொன்ன காலம் ஒன்று உண்டு. மூடிக் கிடந்த மாவு மில்லில்தான் பூசை. மேஸ்திரி ஆறு நாள் கூலிக்குச் சுவர் எழுப்புவார், ஏழாம் நாள் கோயிலுக்கு எழுப்புவார். ஏழு நூறானபோது பக்கச் சுவரை இடித்து நீட்டினார்கள். நூறு ஐந்நூறானபோது மறுபக்கம், அது ஆயிரமானபோது பின்பக்கம். தான் பூசிய சுவரைத் தானே மூன்று தடவை கடப்பாரையால் இடித்த மனிதர் அவர். அதற்காக முகம் வாடியதே இல்லை. இடிக்கிற அன்றைக்குத்தான் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே சாப்பிடுவார். புதுச் சுவரின் ஈரம் காயுமுன்னே அதைத் தட்டிக் காட்டி, பத்து வருஷத்தில் இதையும் இடிக்கணும் பார் என்று பிள்ளைகளிடம் சொல்வார்.

கடைசியில் இடிக்கச் சுவர் இல்லை. ஒரு பக்கம் கல்லறை, மறுபக்கம் பள்ளிக்கூடம். ஞாயிறு நாலு பூசை வைத்தும் பாதிச் சனம் வெயிலில் நின்றது. போன வருஷம் பங்கையே, கோயிலுக்கு உட்பட்ட எல்லையையே, இரண்டாகப் பிரித்தார்கள். பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் பழைய பங்கு. இந்தப் பக்கம் புதுப் பங்கு: டயர் கிடங்காக இருந்த தகரக் கொட்டகை, நூறு பிளாஸ்டிக் நாற்காலி, குருப்பட்டம் வாங்கி இரண்டே வருஷமான சாமியார். சாலையை ஒட்டிய வீடுகளுக்கு மட்டும் ஒரு சலுகை கொடுத்தார்கள். எந்தப் பங்கு வேண்டும் என்று அவர்களே அட்டையில் குறித்துக் கொடுக்கலாம்.

மேஸ்திரிக்கு அதற்குள் கை நடுக்கம் வந்துவிட்டது, பார்வையும் மங்கல். பழைய கோயில் என்று போடச் சொல்லிவிட்டுப் பெருவிரலை நீட்டினார். மகள் மை தடவி ரேகை வாங்கினாள். கட்டத்தில் குறி போட்டதும் அவள்தான். புதுப் பங்கு என்ற கட்டத்தில் போட்டாள்.

கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. வாரத்தில் ஆறு நாள் கொதிக்கிற நீரிலும் ஆவியிலும் வேலை. ஏழாம் நாள் ஐந்து மணிக்கே எழுந்து, அவரைக் குளிப்பாட்டி, சக்கர நாற்காலியில் ஏற்றி, லாரிகளுக்கு நடுவே அந்தச் சாலையைக் கடக்க வேண்டும். அட்டை வந்ததற்கு முந்தின ஞாயிறு, நட்ட நடுச் சாலையில் சக்கரம் ஒரு பள்ளத்தில் சிக்கிக்கொண்டது. லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. டயர் கிடங்கு நாலு வீடு தள்ளி இருந்தது. எட்டு மணிப் பூசைக்கு ஏழு மணிக்கு எழுந்தால் போதும்.

யார் எந்தப் பங்கு என்ற பட்டியலைப் பழைய கோயிலில் வாசித்தார்கள். அன்று படுக்கும்போதுதான் மேஸ்திரி கேட்டார்.

"நான் சொன்னதைத்தானே போட்ட?"

"அதான் போட்டேம்ப்பா. இடம் பத்தலன்னு அவங்களா மாத்திட்டாங்க போல."

"இடம் பத்தலையாமா," என்று தனக்குள் இரண்டு தடவை சொல்லிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் எந்தக் கோயிலுக்கும் கிளம்பவில்லை. பழைய கோயிலுக்குக் கூட்டிப்போகிறேன் என்றால், வேண்டாம் என்றவர்கள் வீட்டு வாசலில் போய் எப்படி நிற்பது என்பார். புதுச் சாமியாரே மாதம் ஒரு தடவை நற்கருணை அப்பம் கொண்டுவருவார். அவரை மேஸ்திரி தம்பி சாமி என்று கூப்பிடுவார். மரியாதையாக வாங்கிக்கொண்டு, கிடங்குக் கூரை ஒழுகுகிறதா என்று மட்டும் விசாரிப்பார். பதினோரு மாதம் இப்படிப் போயிற்று. அந்தப் பதினோரு மாதமும், இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் அவள் வேலையிலிருந்து திரும்புவாள். வந்ததும் அவர் முகத்தைப் பார்ப்பாள், தன் வீங்கிய காலைப் பார்ப்பாள், நாளைக்கு ஆகட்டும் என்று விட்டுவிடுவாள். நேற்று அவர் காதருகே குனிந்தும்கூட, தண்ணி வேணுமாப்பா என்றுதான் கேட்க முடிந்தது.

பழைய கோயில் பங்கு அலுவலகத்தில் சாமியார் மாத்திரையை வாயில் போட்டு டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர், இங்கே வந்து மூன்று வருஷம் ஆகிறது. முதலில் எழுந்து நின்று துக்கம் விசாரித்தார். பிறகு உட்கார்ந்து, முடியாது என்பதைத் தணிந்த குரலில் சொன்னார். கிடங்கில் இன்னும் பாதி நாற்காலி காலியாகவே கிடக்கிறது. கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் சனம் சாலையைத் தாண்டி இங்கேயே வந்தால் அந்தப் பங்கு எப்படி எழும்பும்? ஒருவருக்குச் சரி என்றால் நாளைக்கு நாற்பது பேர் வந்து நிற்பார்கள்.

அண்ணன் மேசைமேல் கையூன்றி நின்றான்.

"எங்கப்பா கைபடாத செங்கல் இந்தக் கோயில்ல ஒண்ணு காட்டுங்க சாமி. உசிரோட இருந்தப்ப வெளிய தள்ளினீங்க. இப்பவாவது உள்ள விடுங்க."

"யாரும் தள்ளலப்பா." சாமியார் எழுத்தர் அம்மாவிடம் அட்டையைத் தேடி எடுக்கச் சொன்னார். ரப்பர் போட்ட கட்டிலிருந்து அது வெகு சீக்கிரம் வந்துவிட்டது. "அவரே கேட்டது. பாரு, ரேகை. கேட்டு வாங்கினதை நான் எப்படி மாத்துறது?"

அண்ணன் அட்டையை வாங்கி, கையை நீட்டித் தள்ளி வைத்துப் படித்தான். அவன் தோள் மெல்ல இறங்கியது.

"அப்பாவே கேட்டாராமா பாப்பா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

கோபம் போன முகம், அவன் சின்ன வயதில் காய்ச்சல் விட்ட அன்றைக்கு இருந்த மாதிரி இருந்தது. சரி, அவர் இஷ்டம் அதுதான் என்றால் கிடங்கிலேயே வைத்துக்கொள்வோம் என்றான். சத்தம் போட்டதற்குச் சாமியாரிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டு கதவைத் திறந்தான். அவள் அவன் பின்னால் நடந்தால் போதும். அட்டை கட்டுக்குள் போய்விடும், ரப்பர் மேலே ஏறிவிடும். அப்பா கிடங்கிலிருந்து போவார். வேறொன்றும் நடக்காது.

அவள் நடக்கவில்லை.

"ரேகை அவரோடது சாமி. குறி நான் போட்டது."

கதவைப் பிடித்த கையோடு அண்ணன் நின்றான். அவள் மேசையருகே போய், காலியாக இருந்த கட்டத்தின்மேல் விரலை வைத்தாள்.

"இதுலதான் போடச் சொன்னாரு. எனக்கு ஞாயித்துக்கிழமை ஒரு நாளாச்சும் தூங்கணும்போல இருந்துச்சு."

"அப்பாவுக்குத் தெரியுமா?" என்றான் அண்ணன்.

"தெரியாது. இவங்கதான் மாத்திட்டாங்கன்னு சொல்லி வெச்சேன்."

எழுத்தர் அம்மா, எதுவும் எழுதாமலே, பேனாவை மூடினாள். சாமியார் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்தார். வெகுநேரம் தேய்த்தார். பிறகு அட்டையைத் தன் இழுப்பறையில் போட்டு மூடினார்.

"நாலு மணிக்குக் கொண்டுவாங்க. தம்பி சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்."

அந்தப் பெயர் இவர்வரை வந்திருக்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

திரும்பும்போது அண்ணன் இரண்டடி முன்னால் நடந்தான். சாலையைக் கடக்க நின்றபோதும் அந்த இரண்டடி குறையவில்லை. வீட்டில் சொந்தக்காரர்கள் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள். பழைய கோயில்தான், சாமியார் ஒத்துக்கொண்டார் என்று மட்டும் சொன்னான். எப்படி ஒத்துக்கொண்டார் என்று சொல்லவில்லை. அது அவளை மூடி மறைத்ததா, இல்லை அவளைப் பற்றிப் பேசவே பிடிக்காததா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. யோசிக்கவும் தெம்பில்லை.

மூன்றரை மணிக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். கிடங்குச் சனம் இருபது முப்பது பேர் வந்திருந்தார்கள். தம்பி சாமி அங்கியோடு நடுச் சாலையில் போய் நின்று கையைத் தூக்கினார். லாரிகள் நின்றன. ஒருவனும் ஹாரன் அடிக்கவில்லை. மேஸ்திரி சாலையைக் கடந்தார்.

அவள் பின்தங்கிவிட்டாள். படுக்கை விரிப்பை உருவி, பழக்க தோஷத்தில் நாலாக மடித்து, அப்புறம் அதைத் துவைக்கத்தான் போடவேண்டும் என்று நினைவு வந்து மறுபடி பிரித்தாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு தனியாகச் சாலையைக் கடந்தாள். தள்ளுவதற்கு ஒன்றுமில்லை. இத்தனை குறுகலான சாலையா இது என்று இருந்தது.

கோயிலில் முன்வரிசை நிரம்பியிருந்தது. அண்ணன் தலை தெரிந்தது, அது திரும்பவில்லை. அவள் கடைசி பெஞ்சில், தூணோரம் உட்கார்ந்தாள். பக்கத்தில் கனத்த உடம்புக்காரப் பெண்மணி ஒருத்தி, மடியில் காய்கறிப் பையோடு. இதற்குமுன் எங்கும் பார்த்த நினைவில்லை.

"அஞ்சு மணிப் பூசைக்குன்னு வந்தேன். யாரு தவறிட்டாங்க?" என்று அந்தப் பெண்மணி கிசுகிசுத்தாள்.

"ஒரு மேஸ்திரி."

"உங்களுக்கு வேண்டியவரா?"

"ம்."

பெண்மணி பையைக் கீழே வைத்துவிட்டு, இவளுக்கு இன்னும் ஒரு சாண் இடம் விட்டாள்.

பிரசங்கம் தொடங்கியது. மாவு மில் என்று ஒரு சொல் கேட்டது. ஏழு குடும்பம் என்று ஒன்று. அதற்குப் பிறகு தலைக்குமேல் மின்விசிறியின் ஓசை மட்டும் கேட்டது, பிறகு அதுவும் தூரமாகப் போயிற்று. நாலு நாளாக மூடாத கண்கள்.

விழித்தபோது எதிரே ஒரே முதுகுகளாக இருந்தன. மன்றாட்டுக்காகக் கோயில் முழுக்க எழுந்து நின்றிருந்தது. அவள் கன்னம் ஏதோ மெத்தென்ற ஒன்றின்மேல் சாய்ந்திருந்தது. "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சனம் சொல்ல, அவள் காதுக்கு வெகு அருகில் ஒரு குரலும் தாழ்ந்து சொன்னது. அந்தப் பெண்மணி மட்டும் எழுந்திருக்கவில்லை. தோளை அசைக்காமல், முன்பெஞ்சை ஒரு கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.