மைமூனாவின் எட்டுச் செலவு

எல்லாம் அந்தப் பயற்றம் பணியாரத்தால் வந்த வினை. ஒரு நல்ல காரியம் இப்படிப் போய் முடியும் என்று யார் கண்டது!

பஞ்சலிங்கப் பத்தர் யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஹனீபாவின் நகைக்கடையில் நெருப்பூதியே கிழடானவர். ஹனீபாவை முதலாளி என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை, அண்ணன் முறையில் நானா என்றுதான். தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் நானாவின் மனைவி மைமூனா காய்ச்சலில் கண்ணை மூடினாள். கை வீங்கிப்போய்க் காப்புக் கழலவில்லை. பத்தர் வாசலில் நின்று வெட்டுக்கத்திரியைக் கொடுத்துவிட, உள்ளே பெண்கள் வெட்டி எடுத்தார்கள். அவர்களுடைய வழக்கத்தில் பொட்டுத் தங்கம்கூட மண்ணுக்குள் போகாது. வெள்ளைத் துணி மட்டுந்தான். அடக்கம் செய்கிற மையவாடியின் வாசல் படலையோடு பத்தர் நின்றுகொண்டார். வேற்றுச் சமயத்தான் உள்ளே போகலாமோ கூடாதோ என்ற தயக்கம்.

அடுத்தநாள், பட்டினத்தைக் கையில் வைத்திருந்த இயக்கத்தின் ஒலிபெருக்கி சோனகத் தெருவுக்கு வந்தது. முஸ்லிம் சனம் முழுக்க இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டு வெளிக்கிட வேண்டுமாம். ஏனென்று கேட்க நாக்கு யாருக்கு இருந்தது? காதுத்தோடு வரைக்கும் கழற்றிக்கொண்டுதான் விட்டார்கள். நானா பத்தரின் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல அழுதார்.

“பத்தர், அவளைத் தனிய விட்டிட்டுப் போறன். பாத்துக்கொள்ளும்.”

“அது என்ரை பொறுப்பு நானா. நீங்கள் யோசியாமல் போங்கோ.”

சனம் போனதுதான் தாமதம், தெருவில் மண்வெட்டிகள் இறங்கின. நகையைக் கொண்டுபோகவும் விடவில்லை, அப்படியென்றால் எங்கேயோ மண்ணுக்குள் தாட்டுத்தான் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டார்கள். அடுப்படி, கிணற்றுக்கட்டு, கக்கூசுக் குழி, ஒன்றையும் விடவில்லை. சீ, இதுகளும் மனிசரோ! போன நோன்புக்கு அதே வீடுகளில் கஞ்சி வாங்கிக் குடித்தவர்கள்.

பத்தரின் யோசனை முழுக்க மைமூனா மேல். செத்தவர் விரும்பித் தின்றதை எட்டாம் நாள் சமைத்துப் படைப்பது சைவக்காரரின் வழக்கம். எட்டுச் செலவு என்பார்கள். செய்யாவிட்டால் உயிர் பசியோடு அலையும் என்று பத்தர் நம்பினார். நானா இருந்திருந்தால் தங்கள் முறைப்படி ஓதுவித்திருப்பார். இப்போது மைமூனாவுக்கென்று செய்ய யார் இருக்கிறார்கள்? பத்தரின் மனைவி அருந்ததி தீபாவளிக்குக் கொடுத்துவிடும் பயற்றம் பணியாரம் என்றால் மைமூனாவுக்கு உயிர். அதையே அருந்ததி சுட்டாள். பத்தர் பட்டப்பகலில் மையவாடிக்குள் போய், அவளைப் புதைத்த மண் காயாத கபுறடியில் வாழையிலை விரித்துப் படைத்து, விளக்கேற்றி, கர்ப்பூரம் கொளுத்தித் தேங்காயும் உடைத்தார். மனம் ஆறியது.

திரும்பி வரும்போது படலையில் சிமியோன் நின்றான். நகைக்கடைக்குப் பக்கத்தில் சைக்கிள் திருத்துகிறவன்.

“பத்தர் அண்ணை, நானா நகையை உதுக்குள்ளைதான் தாட்டவரோ?”

“விசர்க்கதை கதையாதை. மைமூனா கிடக்கிறா. எட்டுச் செலவு செய்தனான்.”

சிமியோன் விழுந்து விழுந்து சிரித்தான். “சோனக மனிசிக்கு எட்டுச் செலவோ? ஆருக்கு அண்ணை காது குத்துறியள்?”

பத்தர் அதைப் பகிடி என்று நினைத்தார். பாவி மனிதன், அன்றிரவு நன்றாக நித்திரையும் கொண்டார்.

விடியப் போய்ப் பார்த்தால் கபுறு வாய் பிளந்து கிடந்தது. மைமூனாவை மேலே இழுத்துப் போட்டிருந்தார்கள். துணியை உதறியும் பார்த்திருக்கிறார்கள். ஐயோ, அந்தக் கோலத்தை எப்படிச் சொல்ல! பத்தர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். காட்டிக்கொடுத்தவன் நான்தான், நான் ஏற்றின விளக்குத்தான் என்று குழறினார். பிறகு வீட்டுக்கு ஓடி, தோய்த்த வேட்டி இரண்டை எடுத்துக்கொண்டு அருந்ததியையும் கூட்டிவந்தார். அருந்ததி மூக்கைச் சேலைத் தலைப்பால் கட்டிக்கொண்டு, தன் அக்காவுக்குச் செய்வதுபோலச் சுற்றிக் கட்டினாள்.

“இஞ்சாருங்கோ, தலைமாடு எந்தப் பக்கம்?”

பத்தருக்குத் தெரியவில்லை. பக்கத்துக் கபுறுகளைப் பார்த்தார். இரண்டு அந்தத்திலும் ஒரேமாதிரிக் கல். முகத்தை ஒருபக்கம் திருப்பி வைப்பார்கள் என்று எப்போதோ கேள்விப்பட்ட ஞாபகம். எந்தப் பக்கம்?

“ஆரையும் ஒருக்காக் கேட்டுப் பாருங்கோவன்” என்றாள் அருந்ததி.

பத்தர் தெருவுக்கு ஓடினார். பள்ளிவாசல் பூட்டிக் கிடந்தது. வரிசையாக வீடுகள், யன்னலும் இல்லை, கதவும் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் இல்லை. கடைசியில் ஒரு கதவு நிலையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்த சிமியோன்தான் அகப்பட்டான். அவன் நகத்துக்குள் செம்மண் இருந்தது. பத்தருக்கு அவனைக் கொல்லவேண்டும்போல வந்தது. ஆனால் கையெடுத்துக் கும்பிட்டார்.

“சிமியோன், நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். நீ எடுக்கேக்கை தலை எந்தப் பக்கம் கிடந்தது? அதை மட்டும் சொல்லு ராசா.”

சிமியோன் கயிற்றை இறுக்கிக்கொண்டே நிமிராமல் சொன்னான்.

“இருட்டுக்கை ஆர் அண்ணை உதெல்லாம் பாத்தது?”