இடது பக்கம்

மருத்துவமனையில் கண் திறந்ததும் என் கணவர் தண்ணீர் கேட்கவில்லை. "உன் தம்பி எங்க?" என்றார். இடுப்புக்குக் கீழே முழுக்கக் கட்டு. "ரெண்டு இன்ஜினும் ஒண்ணா நின்னுடுச்சு. பெட்ரோலே இல்ல. அவன் ஊத்தலடி."

இவர் ஓட்டுகிற சின்ன விமானத்துக்கு எரிபொருள் நிரப்புகிறவன் என் தம்பி. வேலை வாங்கிக் கொடுத்ததே இவர்தான். பார்சல் மூட்டைகளோடு தனியாகப் பறந்தவர், ஓடுபாதைக்கு எட்டாமல் ஒரு புல்வெளியில் விமானத்தை வயிறு தேய இறக்கியிருக்கிறார். உயிர் பிழைத்தாரே என்று சந்தோஷப்படுவதா, நான் தூக்கி வளர்த்தவன் இப்படிச் செய்துவிட்டானே என்று தலையில் அடித்துக்கொள்வதா?

தம்பி வீட்டுக்குப் போனேன். "ரெண்டு பக்க டேங்க்லயும் ஃபுல்லா போட்டேன்க்கா" என்றான். பிறகு, "போட்டேன்னுதான் நினைக்கிறேன்" என்றான். வேலை போனால் போகட்டும், இவனைப் பிடித்து உள்ளே வைத்துவிடுவார்களே! கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே அந்தப் புல்வெளிக்குப் போனேன்.

விமானத்தைத் தூக்குவதற்கு முன் டேங்குகளைக் காலி செய்துகொண்டிருந்தார் மெக்கானிக். பக்கத்தில் விசாரணை அதிகாரி. மெக்கானிக் வலது இறக்கை டேங்கின் மூடியைத் திறந்து குழாயை விட்டுக் கைப்பம்பை அடித்தார். வெறும் காற்று. தம்பி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அடுத்து இடது பக்கம். பெட்ரோல் கொட்டியது. ஒரு கேன் நிரம்பியது, இன்னொன்றும் நிரம்பியது. ஆள் போதாமல் மெக்கானிக் என்னைக் கூப்பிட்டார். "அம்மா, இதக் கொஞ்சம் பிடிங்க." முழங்கை வரை நனைந்தேன். நின்றபாடில்லை.

"இவ்வளவு இருக்கும்போது எப்படி நிக்கும்?" என்றேன்.

"மூட்டை ஏத்துனதுல வலது பக்கம் கனமா இருந்திருக்கும். சமமாகட்டும்னு ரெண்டு இன்ஜினும் அந்த டேங்க்லேர்ந்தே குடிக்கிற மாதிரி லிவரத் திருப்பியிருக்காரு. கொஞ்ச நேரத்துல பழையபடி மாத்தணும். மறந்துட்டாரு. லிவர் இன்னும் அப்படியேதான் இருக்கு, உள்ள பாருங்க" என்றார் மெக்கானிக்.

நான் பார்க்கவில்லை. கேஸை அடைத்தோமா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பார்க்கிற மனுஷன்! எனக்கு மறதி என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிற மனுஷன்! கையை ஒரு தரம் திருப்பியிருந்தால் போதுமே. அந்தக் கேனைப் பிடித்தபடியே நின்றேன்.

துள்ளிக் குதிக்க வேண்டிய தம்பி அழுதான். "அக்கா, மாமாகிட்ட சொல்லாத. நான்தான் ஊத்தலன்னே இருக்கட்டும்."

"பைத்தியமாடா உனக்கு?" முதுகில் ஒன்று வைத்தேன். அதிகாரி எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார், இவன் தியாகம் செய்யப் பார்க்கிறான்.

சாயங்காலம் மருத்துவமனையில், சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, ரொட்டியைப் பாலில் நனைத்து அவருக்கு ஊட்டினேன்.

"ஒத்துக்கிட்டானா?" என்றார்.

என்ன சொல்வதென்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அடுத்த துண்டை நீட்டினேன். வாயைத் திறந்தவர் அப்படியே நிறுத்தினார். என் மணிக்கட்டைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனார்.

"எங்க போயிருந்த?"

"ப்ளேன்கிட்ட."

பிடியை விடாமலே கேட்டார். "எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"இடது பக்கம்."

என் கையை விட்டுவிட்டார். பால் தாடையில் வழிந்தது, துடைக்கவில்லை. போர்வை மேல் கிடந்த அவருடைய வலது கை மட்டும், அங்கே இல்லாத எதையோ பிடித்து, மெல்ல, ஒரு தரம் திருப்பியது.