மேனேஜர் சாப்பிட ஓர் இடம்

எங்கள் வீட்டுப் பூனைக்கு மேனேஜர் என்று பெயர். ஒரு வேலையும் செய்யாமல் எல்லோரையும் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் என் மாமியார் வைத்த பெயர் அது. அந்த மேனேஜர் மூன்று நாளாகச் சாப்பாட்டில் வாய் வைக்கவில்லை.

"உடம்புல ஒண்ணுமில்ல, எதையோ பாத்து அரண்டிருக்கு," என்றார் பூனை டாக்டர். "சத்தமில்லாத இடமாப் பாத்துக் கிண்ணத்த வைங்க. நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள சாப்பிடலன்னா கொண்டு வாங்க. குழாய் போட்டுத்தான் ஊட்டணும்."

எதைப் பார்த்து அரண்டது என்று எனக்குத் தெரியும். கிண்ணத்தை வாஷிங் மெஷின் பக்கத்தில் வைத்தவள் நான்தான். மெஷின் துணி பிழியும்போது துள்ளியது, மேனேஜரும் துள்ளியது. இதை நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. என் கணவருக்கு அந்தப் பூனை உயிர்.

வேறு யாராக இருந்தாலும் கிண்ணத்தை நாலு மூலையில் வைத்துப் பார்ப்பார்கள். இவருக்குத் தொழிலே சத்தத்தை அளப்பது. தொழிற்சாலையில் இயந்திரத்தின் பக்கத்தில் மீட்டரைப் பிடித்துக்கொண்டு நின்று "எழுது!" என்று கத்தியபடியே எண்ணைப் படிப்பார்; தள்ளி நிற்கும் உதவியாளர் எழுதிக்கொள்வார். இருபது வருஷமாக இதுதான் பிழைப்பு. மறுநாள் லீவு போட்டுவிட்டு மீட்டரும் கையுமாக வீட்டுக்குள் இறங்கினார். உதவியாளர் நான்.

முதலில் சமையலறை. "எழுது! அறுபத்தி ரெண்டு!" என்றார். எழுதினேன். ஃபிரிட்ஜை நிறுத்திவிட்டு மறுபடி அளந்தார். "அறுபத்தி ரெண்டு!"

ஹாலில் மின்விசிறி நின்றது. அறுபத்தி ரெண்டு. கடிகாரத்தின் பேட்டரி கழன்றது. அறுபத்தி ரெண்டு. மாமியாரின் வளையல்களும் கழன்றன. அப்போதும் அதே அறுபத்தி ரெண்டு.

"நான் மூச்சு விடலாமாடா?" என்று கேட்டார் மாமியார்.

"மெதுவா விடும்மா," என்றார் இவர், கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு.

எதிர்வீட்டுக்காரர் ஸ்கூட்டரைக் கிளப்பப் போனார். இவர் ஓடிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டதில், பாவம் அந்த மனுஷன், தெருமுனை வரை வண்டியைத் தள்ளிக்கொண்டே போனார். கடைசியில் அலமாரியிலிருந்த துணிகளையெல்லாம் வாரிக் கீழே போட்டுவிட்டு, மீட்டரோடு உள்ளே புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அறுபத்தி ஏழு!"

"அலமாரி சத்தம் போடுதுங்கறீங்களா?"

"மீட்டர் பொய் சொல்லாது. எழுது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் குற்றமுள்ள நெஞ்சு, எழுதினேன். பொழுது சாயத் தொடங்கியிருந்தது. மேனேஜர் பசியோடு எங்கள் பின்னாலேயே அறை அறையாக வந்தது. ஒவ்வோர் அறையிலும் நான் கொண்டுபோய் வைக்கும் கிண்ணத்தை முகர்ந்து பார்க்கும். இவர் எண்ணைச் சொன்னதும் பதறியடித்துக்கொண்டு கட்டிலுக்கடியில் ஓடும். ஏழாவது தடவை ஓடியபோதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. தொழிற்சாலை இரைச்சலில் இவர் குரல் எந்த மூலைக்கு? வீட்டில் இவர்தான் இயந்திரம்.

படுக்கையறையில் மீட்டரை நிமிர்த்திப் பிடித்து, "எழுது!" என்று கத்தினார் இவர். ஒரே எட்டில் போய் வாயைப் பொத்தினேன்.

மீட்டர் இறங்கியது. ஐம்பது. நாற்பது. முப்பத்தொன்று. இவர் கண்கள் விரிந்தன. எண்ணைச் சொல்லத் துடித்து உதடுகள் என் உள்ளங்கையில் முட்டின. நான் இன்னும் அழுத்தினேன்.

கட்டிலுக்கடியிலிருந்து மேனேஜர் தலையை நீட்டியது. எங்கள் இருவரையும் முறைத்தது. பிறகு கிண்ணத்தருகே உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தது.

என் விரல்களில் ஈரம் பட்டது. அழுதுகொண்டிருந்தார். எனக்கும் தாங்கவில்லை. இதைவிட்டால் இந்த ஜென்மத்தில் சொல்ல முடியாது என்று தோன்றியது. அவர் காதோரம் குனிந்தேன்.

"கிண்ணத்த வாஷிங் மெஷின்கிட்ட வச்சது நான்தாங்க."

அவர் கன்னங்கள் உப்பின. முகம் சிவந்தது. நான் கையை எடுக்கவில்லை. கிண்ணத்தில் இன்னும் பாதி இருந்தது.