ஏழாவது கார்

காலையில் ஜன்னலைத் திறந்ததும் பெக்-ஹா முதலில் பார்ப்பது, கார் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதைத்தான். ராத்திரியோடு ராத்திரியாகக் காற்றுப் போய், அந்தக் கறுப்பு ஜெர்மன் கார் முன்னங்காலை மடக்கிப் படுத்த எருமை மாதிரிக் கிடக்கும். அவள் கணவர் சிங்-தே சாவியைத் திருகிவிட்டு, அது முனகி எழுந்திருக்கும்வரை பக்கத்திலேயே நிற்பார்.

அவருடைய குழாய்ப் பட்டறை ஓடிய நாளில் வாங்கியது. பட்டறை மூடியபோது இயந்திரங்கள் எல்லாம் போயின, கார் மட்டும் தங்கிவிட்டது. தைவானின் லுகாங் ஊரில், அவர்கள் தெருவில் அது முன்னால் போகாத கல்யாண ஊர்வலம் ஒரு காலத்தில் கிடையாது. பெண்ணழைக்கப் போகும்போது சடங்குக்காக வேரோடு பிடுங்கிய மூங்கிலை அதன் கூரையில்தான் கட்டுவார்கள். மற்ற ஐந்து கார்களும் பின்னால் வரும்; மொத்தம் ஆறு, இரட்டைப்படைதான் ராசி.

"முதலாளி, முன்பக்கம் வண்டியத் தூக்கிப் பிடிக்கிற காத்துப் பை ரெண்டும் கிழிஞ்சு போச்சு. மாத்துங்க, இல்ல தள்ளிவிடுங்க. ஒட்டுப் போட்டு ஓட்டுற கதை முடிஞ்சுது," என்றான் மெக்கானிக் ஆ-சாய். பட்டறை மூடியபிறகும் அவன் முதலாளி என்றே கூப்பிட்டான். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று பெக்-ஹாவுக்குப் பிடிபட்டதில்லை.

யுவான்லினிலிருந்து வந்த பழைய கார் வியாபாரி ஒரு விலை சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"குடுத்துடலாங்க," என்றாள்.

"பாக்கலாம்."

மாற்றுவதற்குக் கையில் இருந்தது ஒரே பணம். அவள் பல் கட்டுவதற்காகச் சேர்த்தது. இடப்பக்கக் கடைவாய்ப் பற்கள் போய் இரண்டு வருடமாகிறது. வலப்பக்கமாகவே மென்று மென்று தாடை வலித்தது.

அந்த வாரம்தான், கல்யாணம் வைத்திருந்த தம்பி மகன் கா-ஹோ போன் செய்தான். "பெரியப்பா, என் ஃப்ரெண்டு ஒருத்தன் கார இடிச்சுட்டான். ஊர்வலத்துக்கு அஞ்சுதான் இருக்கு. ஒண்ணு குறையுது. உங்க வண்டி வருமா?"

"வராம?" என்றார் சிங்-தே. போனை வைத்துவிட்டு மனைவியைப் பார்க்காமல் சொன்னார்: "கடைசியாத்தான் போகணுமாம். போனா என்ன, ஆறுல ஒண்ணு."

பல்லுக்கு வைத்திருந்த பணத்தை அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டேன் என்று சொல்லியிருப்பாள். கேட்காமல் வாசலுக்குப் போய், படுத்திருந்த காரைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். மறுநாள் அவளே வங்கிக்குப் போய்ப் பணத்தை எடுத்து ஆ-சாயிடம் கொடுத்தாள்.

கல்யாணத்தன்று கார் நிமிர்ந்து நின்றது. கதவுப் பிடியில் சிங்-தே தானே சிவப்பு ரிப்பன் ஒட்டினார். தம்பி வீட்டு வாசலில் போய் நிறுத்தியபோது, அங்கே ஏற்கெனவே ஆறு கார்கள் வரிசையில் நின்றன. எல்லாம் புதுசு. இடித்த கார் ரிப்பேர் முடிந்து முந்தின நாளே வந்துவிட்டதாம்.

கா-ஹோ கோட்டுப் பையில் பூவோடு ஓடி வந்தான். "பெரியப்பா, போன் பண்ணணும்னு நெனச்சேன், அலைச்சல்ல மறந்தே போச்சு. ஏழு ஆகாதே."

"ஒத்தைப்படையில எவன் பொண்ணழைக்கப் போவான்?" என்றார் சிங்-தே, சிரித்தபடி.

"கார இடிச்ச அந்தப் பையன்கிட்ட நில்லுன்னு சொல்லேன்," என்றாள் பெக்-ஹா.

"அவன் தாய்பேலேர்ந்து வந்திருக்கான் பெரியம்மா. பெரியப்பான்னா நம்ம வீட்டு ஆளு, தப்பா எடுத்துக்க மாட்டாரு." பிறகு ஏதோ தோன்றியவனாக, "ஜூஸ் பெட்டியெல்லாம் மண்டபத்துக்குப் போகணும். உங்க டிக்கி பெருசு," என்றான்.

சிங்-தே ரிப்பனைப் பிய்த்துப் பையில் போட்டுக்கொண்டார். பையன்கள் பெட்டிகளை ஏற்றினார்கள். டிக்கியில் அடங்காததைப் பின்சீட்டில் அடுக்கினார்கள். பட்டாசு வெடித்தது. ஆறு கார்களும் போனபிறகு, ஊர்வலத்தின் குறுக்கே வந்துவிடாமல் இவர்கள் வயல் வழியாகப் போனார்கள்.

"பாத்தியா, இவ்வளவு சுமைக்கும் கொஞ்சம்கூட இறங்கல," என்றார்.

மண்டபத்தில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் கணவாய் மீனை நறுக்கு நறுக்கென்று மென்றார்கள். அவள் சூப் மட்டும் குடித்தாள். பிறகு வெளியே வந்து யுவான்லின் கார் வியாபாரியைப் போனில் கூப்பிட்டாள்.

"காத்துப் பை ரெண்டும் புதுசு. இப்ப என்ன தருவீங்க?"

"அன்னிக்குச் சொன்னதுதாங்க. பை புதுசானா வண்டிக்கு வயசு குறையுமா?"

அவள் உள்ளே போய்க் கணவரிடம் சொன்னாள். அவர் காலிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே, "வரச் சொல்லு," என்றார்.

மறுநாள் ஜன்னலைத் திறந்தபோது, கார் கம்பீரமாக நின்றுகொண்டிருந்தது. வியாபாரி சாவிக்காகக் கை நீட்டியபடி காத்திருந்தான். சிங்-தே கதவருகே குனிந்து, ரிப்பன் ஒட்டியிருந்த இடத்துப் பசையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"அது கெடக்கட்டும் முதலாளி, விடுங்க," என்றான் வியாபாரி.

அவர் விடவில்லை.