நாலு மீட்டர் தின்ற கடல்

...நாலு மீட்டர், ஒரே ராத்திரியில் கடல் நாலு மீட்டர் கரையை விழுங்கிவிட்டதாம், கூடப் பயிற்சிக்கு வந்த நெட்டை குதிக்கிற குதியைப் பார்த்தால் இவனைக் கேட்டுக்கொண்டுதான் விழுங்கியதோ என்னவோ, அளவு நாடாவின் மறுமுனையோடு கடலோர மணல்மேட்டு விளிம்பில் நின்று இரண்டு கையையும் ஆட்டுகிறான், ஆட்டாதேடா, அளவு போய்விடும்... நேற்றும் இதே நாடா, இதே விளிம்பு, இந்தப் பக்கம் படகின் மூக்கில் அவள் சாக்பீசால் போட்ட இதே பெருக்கல் குறி. நேற்றைக்கு முப்பத்தொன்று, இன்றைக்கு இருபத்தேழு. புயல் இல்லை, காற்றுகூட இல்லை, அலை தூக்கக் கலக்கத்தில் வந்து போகிறது, இந்தச் சாதுவா நாலு மீட்டரைத் தின்றது? நம்பவும் முடியவில்லை, நம்பாமலிருக்க மனசும் வரவில்லை, மத்தியானம் பனியம்மா ஒரு பெயரைச் சொல்லப்போகிறாளே, கரையை அளக்கப் பழகும் இந்தக் கும்பலில் ஒரே ஒருவரைப் பனிமலைக் குழுவோடு அழைத்துப்போகப்போகிறாளே... பனியம்மா என்பது இவர்கள் வைத்த பெயர், பாதி வாழ்நாளை மலையில் மெல்ல நகரும் பனியாற்றின் மேல் கூடாரம் போட்டுக் கழித்த பயிற்சியாளருக்கு வேறென்ன பெயர் வைப்பது? அந்த ஒரு இடம் அவளுக்கு வேண்டும். பசிக்கிற மாதிரி வேண்டும்.

அக்காவிடம் சொன்னபோது சிரித்தாளே, ஐஸ்கிரீம் தின்னாலே மூணு நாள் தும்முவே, நீ பனிமலைக்குப் போறியாடி என்று... முன்பெல்லாம் அந்தச் சிரிப்பும் பேச்சும் ஒரு மணி நேரம் ஓடும், இப்போது ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது, கொஞ்ச நாளாகவே அக்கா மாறித்தான் போய்விட்டாள், விலகிவிட்டாள், அறைத்தோழியிடம்கூடச் சொல்லிக் குறைப்பட்டாயிற்று, சரி, இப்போது எதற்கு அக்கா, வேலையைப் பார்... படகு. அசையாத பொருளாகப் பார்த்துக் குறி வையுங்கள் என்றாள் பனியம்மா, பக்கத்தில் சுவர் இல்லை, பாறை இல்லை, கவிழ்த்துப் போட்ட இந்தப் படகுதான், பெயின்ட் உரிந்து, தண்ணீரைப் பார்த்தே பத்து வருஷம் ஆன மூஞ்சியோடு கிடந்தது, இதைவிட அசையாதது எது என்று அவள்தான் மார்தட்டினாள். குறி அப்படியே இருக்கிறது. ஆனால் படகுக்குப் பின்னால்... அது என்ன, மணலில் அகலமாக, வழவழவென்று, ரோட்டுப் பக்கமாக ஒரு தடம்? காலடி வைத்து நடந்து பார்த்தாள். நாலு மீட்டர். ஐயோ, கடல் ஒன்றும் தின்னவில்லை, யாரோ ஒரு புண்ணியவான் ராத்திரியில் படகைக் கடல் பக்கமாக இழுத்துப் போட்டிருக்கிறான்! பாவம் கடல், அதன்மேல் வீண் பழி.

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டாள், அதோ பனியம்மா செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வருகிறாள், நெட்டை வேறு கூவிவிட்டான், "மேடம், நாலு மீட்டர் மேடம்!"... தடத்தைக் காலால் கலைத்துவிட்டால்? நாலு தேய் தேய்த்தால் போயிற்று, யாருக்குத் தெரியப்போகிறது... கலைத்துவிட்டு அங்கே போய் எதை அளப்பது, பனியிலும் காலால் தேய்த்துக்கொண்டே இருக்கவா? எழும்பிய கால் கடைசியில் படகைத்தான் ஒரு உதை விட்டது. "மேடம், கரை அப்படியேதான் இருக்கு, படகுதான் நகர்ந்திருக்கு. இதுல குறி வச்சது நான்தான்." நெட்டையின் கைகள் அந்தரத்தில் நின்றன. பனியம்மா தடத்தைப் பார்த்தாள், படகைப் பார்த்தாள், சிரிக்க ஆரம்பித்தவள் மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நான் முதல் வருஷம் பனியாத்து மேல கிடந்த ஒரு பாறையில குறி வச்சேன். பனி நகருது, பாறையும் அது மேலயே சவாரி போகுது. ஒரு மாசம் அளந்துட்டு, பனி அசையவே இல்லைன்னு எழுதிக் குடுத்தேன்!" அப்பாடா, உயிர் வந்தது, வந்த வேகத்தில் வாயும் வந்துவிட்டது, "அப்ப எனக்கு இடம் உண்டா மேடம்?" "மத்தியானம் சொல்றேன். முதல்ல போய் ஒரு சுவரைத் தேடு."

இதை வச்சு எழுத இருந்த ஒரு கட்டுரை போச்சு என்று முனகிக்கொண்டே நெட்டை நாடாவைச் சுருட்டுகிறான், இடம் கிடைக்குமோ கிடைக்காதோ, அவளுக்கு என்னவோ சந்தோஷமாகத்தான் இருந்தது, உடனே அக்காவிடம் சொல்லவேண்டும், சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாள், அந்த ஐந்து நிமிஷம் போதும்... ஐந்து நிமிஷம். யார் முடிக்கிறது அதை? அப்புறம் பேசறேன்க்கா, லேப்ல இருக்கேன்... அது யார் குரல்? அக்கா அதே வீட்டில், அதே ஜன்னலோரத்தில்தான் இருக்கிறாள், ஹாஸ்டல், அப்புறம் வேறு ஊர், இப்போது பனிமலை என்று கிளம்பிக்கொண்டே இருப்பது யார்? அக்கா விலகிவிட்டாள் என்று இத்தனை நாளும் எங்கே நின்றுகொண்டு அளந்தாள்? போனை எடுத்தாள், முதல் மணியிலேயே அக்கா எடுத்துவிட்டாள், "என்னடி அதிசயம், நீயா கூப்பிடறே?" படகின் மூக்கிலிருந்த பெருக்கல் குறியை விரலால் அழித்துக்கொண்டே, "சும்மாதான்க்கா" என்றாள்.