இருபத்தாறாம் நம்பர் பஸ்

என் வீட்டுக்காரரிடம் ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால் அதற்கு நேர்மாறானதைக் கேட்க வேண்டும். முப்பத்தொரு வருஷ அனுபவத்தில் சொல்கிறேன். நீலச் சேலை வேண்டுமென்றால் பச்சையைத் தடவிக்கொண்டே நிற்பேன். ஜன்னலைத் திறக்க வேண்டுமென்றால் குளிர்கிறது என்பேன். ஐரோப்பா வேண்டவே வேண்டாம் என்று ஒரு மாதம் மூக்கைச் சிந்தியதால்தான் இந்த டூரே நடந்தது.

அந்தத் தைரியத்தில்தான் வந்த ஆறாம் நாள் காலை, ஓட்டல் சாப்பாட்டுக் கூடத்தில், "பனிமலைக்குத்தான் போகணும். வேற எங்கயும் நான் வரல" என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

அன்று எங்கள் குழுவுக்கு ஓய்வு நாள். எங்கே போவது என்பது அவரவர் இஷ்டம். டூரை நடத்தும் பெண் மூன்று வழி சொல்லியிருந்தாள். கம்பியில் தொங்கிப் போகும் வண்டியில் பனிமலை, ஏரியில் படகு, இல்லாவிட்டால் ரயிலில் ஐம்பது நிமிஷத்தில் ஒரு பழைய ஊர். எதுவென்று எட்டரைக்குள் சொல்லிவிட வேண்டும். மறுநாள் காலை எல்லோரும் வேறு நாட்டுக்குக் கிளம்பிவிடுவோம்.

அந்தப் பழைய ஊரில்தான் எங்கள் ஒரே பையன் பஸ் ஓட்டுகிறான்.

இவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு இவர்தான் மாஸ்டர். 'ஸ்டியரிங் என்னோட போகட்டும்' என்று சொல்லிச் சொல்லியே பையனை எஞ்சினியராக்கினார். வெளிநாட்டுக் கம்பெனியில் வேலையும் கிடைத்தது. இரண்டே வருஷத்தில் அதை உதறிவிட்டு, பஸ் ஓட்டப் போகிறேன், எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது என்று போன் செய்தான். "என் பையன்னு யார்கிட்டயும் சொல்லிக்காத" என்று சொல்லிவிட்டு இவர் போனை வைத்தார். அது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. அவன் ஊர்ப் பக்கமே வரவில்லை. இவர் குளிக்கப் போகிற நேரம் பார்த்து, வாரத்துக்கு ஒரு தரம் என்னோடு மட்டும் பேசுவான்.

போன வாரமும் அப்படித்தான் பேசினான்.

"நீங்க வர்ற அன்னிக்கு லீவு கிடைக்கலம்மா. ஸ்டேஷன் வாசல்ல பத்து நாப்பதுக்கு இருபத்தாறாம் நம்பர் பஸ் எடுக்கிறேன். அதுல ஏறிடுங்க. கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிட்டுத் திரும்பலாம்."

"அப்பா பஸ்ஸுல கத்தினா என்னடா பண்றது?"

"ஓட்டும்போது டிரைவர்கிட்ட பேசக் கூடாதுன்னு போர்டே மாட்டியிருக்கும்மா" என்று சிரித்தான். பிறகு குரல் இறங்கியது. "அவரையும் கூட்டிட்டு வா. நான் கூப்பிட்டேன்னு மட்டும் சொல்லிடாத."

ஆகவே பனிமலை என்று அடம்பிடித்தேன். படகென்றால் இவருக்குத் தலைசுற்றும். இவர் உடனே 'மலையும் வேண்டாம் மண்ணாங்கட்டியும் வேண்டாம்' என்று பழைய ஊரைக் காட்டுவார், நானும் முனகிக்கொண்டே பின்னால் போவேன் என்பது கணக்கு.

இவர் ரொட்டியிலிருந்து தலையைத் தூக்கினார். "சரி. உன் இஷ்டம். மலைக்கே போலாம்."

கல்யாணமான நாளிலிருந்து இந்த வாயில் வராத 'உன் இஷ்டம்' இன்றைக்கா வர வேண்டும்?

"உங்களுக்குக் குளிர் ஒத்துக்காதே" என்றேன்.

"ஒத்துக்கும்."

"முட்டி வலிக்குமே."

"வண்டிதானே மலை ஏறுது? முட்டியா ஏறுது?"

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கைக்குட்டை எடுக்கப் போவதாகச் சொல்லி லிஃப்டில் அறைக்குப் போனேன். பெட்டியைத் திறந்தேன், மூடினேன். குழாயைத் திறந்து சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன். மணி எட்டு பத்து. கைக்குட்டையை மறந்து கீழே இறங்கி, மறுபடி மேலே போய், மறுபடி இறங்கினேன். டூர் பெண் மேஜை மேஜையாக நோட்டில் பெயர் எழுதிக்கொண்டு வந்தாள். எங்களுக்கு முன்னால் இரண்டே மேஜைகள் இருந்தன.

அப்போதுதான் இவர் தட்டைப் பார்த்தேன். ரொட்டி முழுவதும் துணுக்குத் துணுக்காகப் பிய்ந்து கிடந்தது. ஒரு துண்டுகூட வாய்க்குள் போகவில்லை. தட்டில் எது விழுந்தாலும் துடைத்துவைக்கிற மனுஷர். எனக்கு உறைத்தது. அந்த ஊரில்தான் பையன் இருக்கிறான் என்பது இவருக்குத் தெரியும். மலை என்று நான் சொன்னதும், தப்பித்தோம் என்று பிடித்துக்கொண்டிருக்கிறார்.

நேராக எதையும் கேட்டுப் பழக்கமில்லாத நான் அன்று நேராகவே கேட்டேன். "என்னங்க, எனக்கு மலை வேண்டாம். பையனைப் பாக்கணும்."

இவர் துணுக்குகளை ஒரு ஓரமாக ஒதுக்கினார். "நீ போயிட்டு வா. நான் ரூம்ல இருக்கேன்."

"தனியா எனக்கு ரயில் ஏறத் தெரியுமா?"

"அந்தப் பொண்ணை ஏத்திவிடச் சொல்றேன்." பிறகு மெதுவாகக் கேட்டார். "அவன் உன்னை மட்டும்தானே வரச் சொன்னான்?"

சொல்ல மாட்டேன் என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த வாக்கு அங்கேயே போயிற்று. "உங்களையும் கூட்டிட்டு வரச் சொன்னான். அவன்தான் சொன்னான். அவன் வாயால."

இவர் எழுந்துவிட்டார். "ரயில் எத்தனை மணிக்கு?"

ரயிலில் ஐம்பது நிமிஷமும் இவர் கால் ஆடிக்கொண்டே வந்தது. "ஆட்டாதீங்க, எனக்கு மயக்கம் வருது" என்றேன். என் கால் அதைவிட ஆடியது. ஸ்டேஷன் வாசலுக்கு வந்தால் பஸ் கதவு திறந்து நின்றது. சீருடையில் அவன். இளைத்திருந்தான். ஏறுகிறவர்களுக்கெல்லாம் அந்த ஊர்ப் பாஷையில் ஏதோ வணக்கம் சொன்னவன், எங்களுக்கு "ஏறுங்க" என்றான். இவர் அவன் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய், டிரைவருக்கு நேர் பின்னால், தடுப்பை ஒட்டி உட்கார்ந்துகொண்டார். எதிர்ப்பக்கம் முதல் சீட் எனக்கு. அங்கிருந்து பார்த்தால் மேலே இருந்த கண்ணாடியில் என் பிள்ளையின் முகம் முழுசாகத் தெரிந்தது.

பஸ் கிளம்பியதும் இவர் வலது கால் வேலையை ஆரம்பித்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் இல்லாத பிரேக்கை மிதித்தார். ஒரு சந்திலிருந்து சைக்கிள்காரி குறுக்கே பாய்ந்தபோது தரையே அதிரும்படி மிதித்தார். பஸ் நின்றதே தெரியவில்லை, அவ்வளவு பதமாக நின்றது. கம்பியைப் பிடிக்காமல் நின்றிருந்த ஒரு கிழவி அசையக்கூட இல்லை. இவர் அந்தக் கிழவியையே பார்த்தார். அதற்குப் பிறகு மிதிக்கவில்லை.

கடைசி ஸ்டாப்பில் எல்லோரும் இறங்கினார்கள். பஸ் திரும்பக் கிளம்ப ஏழு நிமிஷம் இருந்தது. பையன் இறங்கி வந்தான். நான் அவன் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சாப்பிட்டாயா, தூங்குகிறாயா என்று அசடாக எதையெதையோ கேட்டேன். இவர் பஸ்ஸைச் சுற்றி வந்து டயர் டயராகப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நிமிஷம், நாலு நிமிஷம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த டயரையே பிடுங்கி எறியலாம் போலிருந்தது. புது ஆட்கள் ஏறத் தொடங்கினார்கள்.

"நான் அன்னிக்குப் பேசினது தப்புடா" என்றார், முன்சக்கரத்தைப் பார்த்தபடி. "ஸ்டியரிங் பிடிக்கிறவன்னு என்னை நாலு பேர் எளக்காரமாப் பாத்தாங்க. அந்த வெக்கத்தைத் தூக்கி உன் தலைல போட்டுட்டேன்."

பையன் கடிகாரத்தைப் பார்த்தான். "வண்டிய எடுக்கணும்ப்பா. ஏறுங்க" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டான்.

இவர் பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்தார். முகம் செத்துப்போயிருந்தது. பஸ் நகர்ந்ததும் என் பக்கம் சாய்ந்து, "பதிலே சொல்லாமப் போயிட்டான் பாத்தியா" என்றார். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

எனக்குக் கண்ணாடி தெரிந்தது. சிவப்பு விளக்கில் பஸ் நின்றபோது என் பிள்ளை புறங்கையால் கண்ணைத் துடைத்தான். அழுதுகொண்டே சிரித்தான். கண்ணாடிக்குள் இப்படியும் அப்படியும் எட்டி அப்பாவைத் தேடினான். தடுப்புக்குப் பின்னால் இருந்தவர் அவனுக்குத் தெரியவில்லை.

ஆறு வருஷமாக நான் பார்க்காத முகம். மறுபடி எப்போது பார்ப்பேனோ. ஸ்டேஷன் வர இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. அந்த இருபதையும் விட்டுக்கொடுக்க எனக்கு மனசே இல்லை.

பச்சை விழுவதற்குள் எழுந்தேன். "இங்க வந்து உக்காருங்க."

"எதுக்கு? இது போதும்."

"வாங்கன்னா வாங்க" என்று அவர் கையைப் பிடித்து இழுத்து என் சீட்டில் உட்காரவைத்து, முகவாயைத் தொட்டுக் கண்ணாடியின் பக்கம் திருப்பிவிட்டேன்.

நான் போய்த் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்து அவன் பிடரி மட்டும்தான் தெரிந்தது.